சியாம் சண்டைக்கு வராது

யாருக்காவது அடிபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால் நாங்கள் என்ன கேட்போம்? காயம் பெரிதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்று கேட்போம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிக் கேட்கமாட்டார். "அந்த ஆள் அந்த இடத்திலை ஏன் நிண்டவர்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்கையில் எல்லாரும் அவரைப் பெரிய கிளாக்கர் என்றே சொல்வார்கள். நான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது ஐரோப்பாவில் சண்டை தொடங்கி மூன்று நான்கு மாதம் இருக்கும். பக்கத்து வீட்டாரோடு அளவோடு இரு, யாருடைய சோலிக்கும் போகாதே என்று என் கணவர் முதல் கிழமையே சொல்லி வைத்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

உயரமான, மெலிந்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் வெள்ளை ட்ரில் கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டுதான் விறாந்தைக்கு வருவார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேள்வி கேட்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்க்கமாட்டார்.

அவருடைய குணத்தை நான் முதலில் கண்டது அவர் வீட்டுத் தென்னையடியில். உடுப்பு வெளுக்க வருகிற சிங்களக் கிழவியின் தோளில் ஒரு தேங்காய் விழுந்துவிட்டது. கிழவி நிலத்தில் இருந்து முனகினாள். நான் மதிலால் எட்டிப் பார்த்தேன். அவர் படியிறங்கி வந்து அவளுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். தென்னை இங்கே நிற்பது உனக்குத் தெரியுமா? தெரியும். குலை முற்றியிருந்தது கண்ணுக்குத் தெரிந்ததா? தெரிந்தது. மூட்டையை வைக்க வேறு இடம் இல்லையா? இருந்தது. கடைசியில் கிழவி வலியோடு, "மகே வெரத்த, மாத்தயா" என்றாள். என் பிழைதான் ஐயா என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் எழும்பினார். உள்ளே போய் எண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்தார். மனைவியைக் கூப்பிட்டுத் துணி கிழித்துத் தரச் சொன்னார். ஒரு ரிக்‌ஷாவும் பிடித்துக் கொடுத்து அனுப்பினார். முகம் அப்போது பூசை முடித்து வந்தவர் முகம் போல இருந்தது.

இரக்கம் இல்லாத மனிதர் என்று சொல்லமுடியாது. இரக்கத்தை வெளியே எடுக்க அவருக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதைச் சொல்லாதவர்களுக்கு எண்ணெயும் இல்லை, துணியும் இல்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சத்தமில்லாமல் நடக்கிற பெண். அவர்களுக்கு ஒரு மகள் இருந்து, சின்ன வயதிலேயே நெருப்புக் காய்ச்சலில், டைபாய்டில், செத்துப்போனாள். அந்தக் கதையை அக்கா எனக்குச் சொன்ன விதத்தைத்தான் மறக்கமுடியவில்லை. பிள்ளை செத்ததைச் சொல்லமுன் தன் பிழையைச் சொன்னாள். கடற்கரையில் கடலை விற்கிறவனிடம் வாங்கிக் கொடுத்தது தான்தான் என்றாள். அதனால்தான் காய்ச்சல் வந்தது என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, அவர் கேட்டுக் கண்டுபிடித்தார் என்றாள். செத்தவீடு முடிந்த அன்று பின்னேரம் அவர் அவளை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விறாந்தையில் சண்டைக் கதை நடக்கும். அவரிடம் பெரிய அட்லஸ் ஒன்று இருந்தது. என் கணவரும் போவார். தவறாமல் வருகிற இன்னொருவர் சவரிமுத்து. கொட்டாஞ்சேனை ஆள். முன்பு பெரிய கிளாக்கருக்குக் கீழே வேலை செய்து, பிறகு ஒரு கப்பல் கம்பனிக்கு மாறியவர். காலைப் பூசை முடித்து, பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவார். பெரிய கிளாக்கரோடு எதிர்த்துக் கதைக்கிற ஒரே மனிதர் சவரிமுத்துதான்.

டென்மார்க்கும் நோர்வேயும் ஜெர்மன்காரர் கையில் விழுந்த அடுத்த ஞாயிறு சவரிமுத்து சோர்ந்துபோய் வந்தார். துறைமுகத்தில் நின்ற டென்மார்க் கப்பல் ஒன்றில் கடற்படைக்காரர் ஏறிக் கொடியை இறக்கிவிட்டார்களாம். அந்தக் கப்பலின் கப்டன் முதல் நாள்தான் சவரிமுத்துவின் கந்தோரில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். கொடி இறங்கியபோது தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றாராம்.

"நேத்து வரைக்கும் அந்த மனுசன் யாருக்கும் எதிரியில்ல, சேர்" என்றார் சவரிமுத்து. "இன்னைக்கு ரெண்டு பக்கமும் அவர நம்பமாட்டேங்குது."

பெரிய கிளாக்கர் அட்லஸை விரித்தார். நான் மதிலுக்கு இப்பால் மிளகாய் காயவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நடுநிலை நாடு ஏன் சண்டைக்குள் இழுபடுகிறது என்று அவர் விளக்கியதை அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. சண்டை போடுகிறவனுக்கு இரும்பு வேண்டும், துறைமுகம் வேண்டும், மற்றவனிடம் போக ஒரு வழி வேண்டும் என்றார். நோர்வே இரும்பு போகிற கரையில் இருக்கிறது. டென்மார்க் நோர்வேயின் வாசற்படி. பெல்ஜியம் போன சண்டையிலும் பிரான்சுக்குப் போகிற றோட்டுத்தான். இவர்கள் எல்லாரும் இரண்டு பக்கத்துக்கும் சாமான் விற்றார்கள். வாங்க வருகிறவன் கடையை உடைக்கமாட்டான் என்று நம்பினார்கள். நடுநிலை என்பது தன்னுடைய கையில் இருக்கிற ஆயுதம் என்று நினைத்தார்கள். அது மற்றவன் கொடுத்த வாக்கு மட்டும்தான். தேவை வந்தால் அவன் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வான். தனியே நின்றால் ஒவ்வொருவராகத் தின்னப்படுவோம் என்று தெரிந்தும், தன்னைக் கடைசியாகத் தின்பான் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "ஆனபடியால் பிழை அவையின்ரை" என்று முடித்தார்.

சவரிமுத்து அட்லஸைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒரு நாடு எழும்பிப் போய் வேற இடத்துல இருக்கேலுமா, சேர்?" என்று கேட்டார்.

"ஏலாதெண்டால், எங்கை இருக்கிறம் எண்டு தெரிஞ்சு இருந்திருக்கோணும்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்தக் கப்டனுக்காக ஒரு நல்ல வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஹொலண்டு விழுந்தபோதும் பெல்ஜியம் விழுந்தபோதும் இதே கதைதான். நாடுகளைக் கூட அவர் தென்னையடியில் இருத்திக் கேள்வி கேட்டார்.

அவருக்கும் அக்காவுக்கும் ஒரு மகன் இருந்தான். மலாயாவில், கெடாப் பக்கம், சியாம் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில்வே கிளாக்கர். நான் அவனைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். தகப்பனைப் போல உயரம், தாயைப் போலக் கண். பரீட்சை சரிவராமல் போன பிறகு பம்பலப்பிட்டியில் படம் பிடிக்கிற கடை ஒன்றில் சேர அவனுக்கு ஆசையாம். தகப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று பின்னேரம் கேள்விதான் கேட்டார். கடைசியில் அவனாகவே மலாயாவுக்குப் போகிறேன் என்று சொன்னானாம். "ஆரும் அவனைக் கலைக்கேல்லை, தானாத்தான் போனவன்" என்று அக்காவும் அவர் சொல்லிக் கொடுத்தபடியே சொல்வாள்.

சண்டையின் மூன்றாம் வருசம் ஜப்பான்காரர் இந்தோசீனாவுக்குள் வந்து இருந்தபோது மகன் எழுதினான். எல்லையில் ஆட்கள் பயந்துபோய் இருக்கிறார்கள், லீவு போட்டுக் கொழும்புக்கு வரலாம் என்று நினைக்கிறேன், அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தான். அப்போது கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா அவர் காலடியில் இருந்து, அவனை வரச் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறாள். அவர் அட்லஸை விரித்துச் சியாமைக் காட்டினார். ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதென்றால் சியாமுக்குள்ளால் வரவேண்டும். சியாம் நடுநிலை. இரண்டு பக்கத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது.

அந்த ஞாயிறு சவரிமுத்து இதைக் கேட்டுவிட்டு உடனே விட்டுவிடவில்லை.

"போன வருசம் நோர்வேக்காரன் மடையன்னு சொன்னீங்க. இப்ப மகன் அந்த றோட்டுல நிக்கிறதால சியாம்காரன் கெட்டிக்காரனாயிட்டானா, சேர்?"

"சியாம் மற்றதுகளைப் போலை இல்லை" என்றார் அவர். ஒரு பக்கம் இங்கிலிஷ்காரன், மற்றப் பக்கம் பிரெஞ்சுக்காரன், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து ஒருத்தனுக்கும் அடிமையாகாத நாடு அது, வளைய வேண்டிய இடத்தில் வளையத் தெரிந்தவர்கள் என்று விளக்கினார். "சியாம் சண்டைக்கு வராது. அவன் அங்கையே நிக்கட்டும்."

அடுத்த நாள் தந்தி போனது. உத்தியோகத்தை விட்டு வரவேண்டாம், அங்கேயே நில் என்று. அக்கா மதிலடியில் வந்து எனக்குச் சொன்னாள். சொல்லும்போது புருசனின் கெட்டித்தனத்தில் நம்பிக்கை வைக்கப் பெரும்பாடு பட்டாள்.

மார்கழியில் ஜப்பான்காரர் சியாம் கரையில் இறங்கினார்கள். சியாம்காரர் ஒரு காலைப் பொழுதுதான் எதிர்த்து நின்றார்கள். மத்தியானத்துக்குள் வழி விட்டாயிற்று. கெடா சில நாட்களில் போனது. கொஞ்சக் காலம் கழித்துச் சியாமே இங்கிலாந்துக்கு எதிராகச் சண்டை அறிவித்தது என்று ரேடியோ சொன்னது. "வழி விட்டாச் சும்மா விட்டுருவான்னு நெனச்சாங்க" என்று சவரிமுத்து என் கணவரிடம் படலையடியில் வைத்து மெதுவாகச் சொன்னார். விறாந்தையில் அதைச் சொல்லி அவரைக் குத்திக் காட்டவில்லை. நல்ல மனிதர்.

சிங்கப்பூர் விழுந்த பிறகு மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தபாலும் இல்லை, தந்தியும் இல்லை. பெரிய கிளாக்கர் அட்லஸை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இனிமேலாவது இந்த மனிதர் வாயடங்குவார் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் மதிலுக்கு அப்பால் அவருடைய குரல் கேட்டது. அதே தணிந்த குரல்.

"அவன் மலாயாவுக்குப் போறன் எண்டேக்கை நீர் ஓம் எண்டனீரோ இல்லையோ?"

"ஓம் எண்டனான்."

"ஆரும் உம்மடை வாயை அமத்திப் பிடிச்சவையோ?"

"இல்லை."

"தந்தி அடிக்கேக்கை நீர் பக்கத்திலை நிண்டனீர். வேண்டாம் எண்டு சொன்னனீரோ?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் அவசரப்படவில்லை. அடுப்பில் என் பால் பொங்கி வழிந்தது. அதற்குப் பிறகுதான் அக்காவின் குரல் கேட்டது. "என்ரை பிழைதான்" என்றாள்.

அது ஒருநாளோடு முடியவில்லை. ஒரு நாள் வாங்கிய ஒப்புதல் அடுத்த நாள் அவருக்குப் போதாமல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கிணற்றடியில் அக்காவைக் காணும்போது கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. என் கணவரிடம் சொன்னேன். அது அவர்களுடைய வீட்டுக் கதை, உனக்கென்ன என்றார். பல நாள் நானும் அப்படியே இருந்தேன். பின்னேரமானால் பின்பக்கத்துக் கதவைச் சாத்தினேன். ரேடியோவைக் கூட்டி வைத்தேன். அந்தக் குரல் தணிந்ததுதான், ஆனால் எதற்குள்ளாலும் வரும்.

பிறகு ஒரு பின்னேரம் நான் படலையைத் திறந்துகொண்டு அவர்களுடைய விறாந்தைக்கு ஏறினேன். ஏறுவேன் என்று எனக்கே அதுவரை தெரியாது. அக்கா நிலத்தில் இருந்தாள். அவர் கதிரையில் இருந்தார்.

"என்ன பிள்ளை, என்ன அலுவல்?"

"அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"எங்கை?"

"எங்கடை வீட்டை."

"இதிலை உமக்கு என்ன?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

"எனக்குக் கேட்குது, ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்கிற இடத்திலை நீர் ஏன் நிண்டனீர்?"

"என்ரை வீடு அங்கைதான் இருக்கு."

அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினேன். பாரமே இல்லை. அவர் தடுக்கவில்லை. அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருட்டமுன் தானாகவே திரும்பிப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு பின்னேரங்களில் அந்தக் குரல் தொடங்கினால் நான் மதிலடியில் போய் நின்று அக்கா என்று கூப்பிடுவேன். அவள் எழும்பி வருவாள். அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார். என் கணவரும் சில நாள் என்னோடு கதைக்கவில்லை.

பாஸ்கு ஞாயிறு, ஈஸ்டர் அன்று, காலையில் ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தன. நாங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். வெள்ளவத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டாஞ்சேனையில் சவரிமுத்து பூசைக்குப் போய் வந்து தன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது.

பெரிய கிளாக்கர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனார். என் கணவரும் கூடப் போய் வந்து, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள்தான் நடந்ததைச் சொன்னார். பெரிய கிளாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, துறைமுகத்துக்கு அவ்வளவு கிட்ட வீடு வைத்திருந்தது ஏன் என்று தொடங்கியிருக்கிறார். சைரன் கேட்கவில்லையா, வெள்ளவத்தைப் பக்கம் வாடகைக்கு வீடு இருப்பதைத் தான் முன்பே சொல்லவில்லையா என்று வரிசையாகப் போயிருக்கிறது. சவரிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, "நீங்க போங்க, சேர்" என்றாராம். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. அவர் போகவில்லை. நர்ஸ் வந்து எழுப்பும்வரை அந்த ஸ்டூலிலேயே காத்துக்கொண்டு இருந்தார். வெளியே வந்து என் கணவரிடம், "நோவிலை இருக்கிறார். பிறகு சொல்லுவார்" என்றாராம். தோடம்பழப் பையைத் திரும்பக் கையில் கொண்டுவந்துவிட்டார்.

சவரிமுத்து பிறகு ஒருநாளும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. விறாந்தைக் கூட்டம் அதோடு சரி.

குண்டுக்குப் பயந்து கொழும்பே ஊருக்கு ஓடியது. நான் யாழ்ப்பாணம் போனபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வரவில்லை, தடுக்கவும் இல்லை. அக்கா அங்கே கொஞ்சம் சதை பிடித்தாள். ஒருமுறை சிரிக்கவும் கண்டேன். ஆனால் ஒரு வருசம் கழித்துத் திரும்பிப் போகப்போகிறேன் என்றாள். ஏன் அக்கா என்று கேட்டேன். "அவனுக்கு வெள்ளவத்தை வீடுதான் தெரியும். வந்து தட்டேக்கை நான் திறக்கோணும்" என்றாள்.

நானும் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த பிறகு, சண்டை முடிந்த அடுத்த வருசம், ஒருவன் அந்த வீட்டுக்கு வந்து தட்டினான். மகன் இல்லை. மகனோடு அதே ஸ்டேஷனில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பொடியன். கப்பலில் வந்து இறங்கி, ஊருக்குப் போகமுன் இந்த வீட்டைத் தேடி வந்திருக்கிறான். காலில் பெரிய புண் ஆறின வடு. அக்கா மதிலடியில் வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அவர் கோட்டுப் போட்டுப் பொத்தான் பூட்டி விறாந்தையில் இருந்தார். பொடியன் கதிரையின் நுனியில் இருந்தான்.

ஜப்பான்காரர் ரயில்வே ஆட்களையும் தோட்டத்து ஆட்களையும் ரயிலில் ஏற்றிச் சியாமுக்குக் கொண்டுபோனார்களாம். காட்டை வெட்டி பர்மாவுக்குத் தண்டவாளம் போடுகிற வேலை. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. அதில் மகன் போய்விட்டான். ஒரு ஆற்றங்கரையில் புதைத்தோம் என்றான். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி கொதிக்க வைச்சுக் குடிக்கேல்லையோ?"

"விறகெல்லாம் நனைஞ்சு போச்சு, ஐயா."

"ஜப்பான்காரன் வாறான் எண்டு தெரிஞ்ச உடனை மற்ற ஆக்கள் தெற்கை போனவை. இவன் ஏன் போகேல்லை?"

பொடியன் அக்காவைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். அவர் காத்திருந்தார்.

"நீங்கள் அங்கையே நிக்கச் சொல்லித் தந்தி அடிச்சனீங்களாம்."

வேட்டித் தலைப்பும் கண்ணாடியும் அவர் கையில் அப்படியே நின்றன. அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தேன். பார்க்கக் காத்திருந்தவள் போலப் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பொடியனுக்குப் பாவமாகப் போயிருக்கும். அவசரப்பட்டுச் சொன்னான். "அவன் உங்களைக் குறை சொல்லேல்லை, ஐயா. அப்பா கேட்பார், என்ரை பிழைதான் எண்டு சொல்லு எண்டவன்."

கடல் கடந்து அந்த வாக்கியம் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆனால் எண்ணெய்ப் போத்தல் எடுக்க உள்ளே போகிறபோது வருகிற அந்த முகம் இந்த முறை வரவில்லை.

"வேறை என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான், ஐயா" என்றான் பொடியன்.

அக்கா அவனைச் சாப்பிடக் குசினிக்குக் கூப்பிட்டாள். நானும் போனேன். சோற்றைப் போட்டபோது அவன் சாப்பிடாமல் கையை வைத்துக்கொண்டு இருந்தான். அவர் கேட்ட விதத்தில் வாய் வரவில்லை, இன்னும் ஒன்று இருக்கிறது என்றான். கடைசி நாள் காய்ச்சலில் மகன் இவனையே தகப்பன் என்று நினைத்துவிட்டான். கழுத்தைக் கட்டிக்கொண்டு கப்பல் கதை சொல்லிக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் ஒருநாள் தகப்பன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்றைக் காட்டினாராம். அன்றைக்கு அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். "அப்பா, இறக்கிவிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

அக்காவுக்கு அந்தக் கப்பல் கதை தெரியாது. அவர் ஒருநாளும் சொன்னதில்லையாம். கரண்டியைச் சோற்றுப் பானைக்குள் விட்டுவிட்டு நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை அவரிட்டைச் சொல்லாதையும், தம்பி" என்றாள்.

பொடியன் தலையாட்டினான். அக்கா என் பக்கம் திரும்பினாள். நானும் தலையாட்டினேன்.

அன்று பின்னேரமே பொடியன் யாழ்ப்பாண மெயிலுக்குப் போய்விட்டான். பிறகு வந்த மாதங்களில் அந்த வீட்டில் கேள்விச் சத்தம் கேட்கவில்லை. அக்கா நேரத்துக்குச் சமைத்தாள், பரிமாறினாள், துணி மடித்து வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பதை மதிலால் கண்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தபடி இருப்பார். முன்பு ஒருவர் முகத்தையும் பார்த்துக் கதைக்காத மனிதர். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒருநாள் காலை, என் கணவர் கந்தோருக்குப் போன பிறகு, அவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நாங்கள் கதைப்பதை விட்டு வருசக்கணக்காகிவிட்டது. கோட்டின் மேல் பொத்தான் பூட்டப்படாமல் இருந்தது. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"பிள்ளை, அந்தப் பொடியன் குசினிக்குள்ளை உங்களோடை கனநேரம் கதைச்சவன்" என்றார். "மகன் வேறை ஏதும் சொன்னதாச் சொன்னவனோ? என்னைப் பற்றி?"

மதிலுக்கு அப்பால் அக்கா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கால்போன சவரிமுத்துவையும் காய்ச்சலில் செத்த மகளையும் அப்போது நான் நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. அந்த நின்றுபோன சத்தத்தைத்தான் கேட்டேன்.

"இல்லை, ஐயா" என்றேன். "வேறை ஒண்டும் சொல்லேல்லை."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "ஓம். அவன் சின்னனிலையும் அதிகம் கதைக்கமாட்டான்" என்றார்.

படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவர் தன் வீட்டு விறாந்தைக்கு ஏறிய பிறகு அக்கா மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.